மீன் தொட்டிக்கு எந்த மூடி நல்லது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் மாரியில் மட்டும் ஓடும். நாம் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் நிலத்தடி நீர். எங்கள் கால்களுக்குக் கீழே மிகப் பழைய காலத்துச் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. அதனால்தான் இங்கே வளவுக்கு வளவு கிணறு, கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி. துலாவும் வாளியும் போய் மோட்டரும் மேல்தாங்கியும் வந்த பிறகு, பல வீடுகளில் அந்தத் தொட்டிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சும்மா கிடக்கும் தொட்டியைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு போத்தலில் கப்பி மீன் வந்து சேரும். பிறகு இரண்டு பொன்மீன் வரும்.

மீன் விடுவது நல்ல காரியம். தேங்கிய நீரில் நுளம்பு முட்டையிட்டால், இங்கத்தைய வெப்பத்தில் ஏழு தொடக்கம் பத்து நாளில் புதிய நுளம்பு பறந்துவிடும். மீன் இருந்தால் கூத்தன் புழுக்களை அதற்கு முன்னரே தின்றுவிடும். மலேரியாத் தடை இயக்கத்தினர் கிணறுகளுக்குள் கப்பி மீன் விடுவது இதற்காகத்தான். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றிதழ் தந்தது. அதே ஆண்டு முடிவதற்குள், மலேரியாவைப் பரப்பக்கூடிய 'அனோபிலிஸ் ஸ்ரெபென்சி' என்னும் நுளம்பு முதன்முதலாக மன்னாரில் பிடிபட்டது. பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. காட்டு ஓடைகளைத் தேடிப் போகும் நுளம்பு அல்ல இது. ஊருக்குள் இருக்கும் கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் பெருகுவது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்போ நல்ல தண்ணீரில் மட்டும்தான் பெருகும் என்று பலர் நினைத்திருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறையினரும் சேர்ந்து செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, அது உவர்நீரிலும் வளர்கிறது என்று காட்டியது. கடலோரத்து வீடுகளில் "எங்கட தண்ணி உப்புத்தானே" என்று இருந்துவிட முடியாது.

ஆக, மீன் தொட்டி இருக்கட்டும். ஆனால் மீன் விட்ட தொட்டி சும்மா கிடந்த தொட்டியைப் போன்றது அல்ல. அதற்குள் நிறமும் அசைவும் வந்துவிட்டன. நடை பழகும் தம்பியோ தங்கச்சியோ வீட்டில் இருந்தால், நாள் முழுக்க அவர்களின் கண் அந்தப் பக்கம்தான் போகும்.

சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும்போது ஏன் தலைகுப்புற விழுகிறார்கள் தெரியுமா? பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. இரண்டு வயதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். தலை பெரிதாகவும் கால் குறுகியும் இருப்பதால் குழந்தையின் பாரம் மேற்பக்கமாகக் கூடி நிற்கிறது. தொட்டி விளிம்பில் வயிற்றை வைத்து எட்டும்போது, அந்த மேற்பாரம் விளிம்பைத் தாண்டிவிட்டால் உடல் உள்ளே சரிந்துவிடும். திரும்பி எழும்பக் கைகளில் பலம் இல்லை. மூக்கும் வாயும் தண்ணீருக்குள் இருப்பதால் கத்தவும் முடியாது. மூக்கும் வாயும் மூடும் அளவு தண்ணீர், அதாவது 5 சென்ரிமீற்றர், போதும். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு ஒரு சத்தமும் கேட்காது. 2021இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றும், அவர்களில் காற்பங்கு அளவினர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

அதனால் தொட்டிக்கு மூடி வேண்டும். எதனால் ஆன மூடி என்பதைத்தான் இனி ஆராயப் போகிறோம். இதற்குப் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் வேண்டும். ஆனால் மூன்றில் முதலில் கேட்க வேண்டியது பௌதிகத்தின் கேள்வியை: மேலே ஒரு பிள்ளை ஏறினால் மூடி தாங்குமா?

எங்கள் வளவுகளில் சட்டென்று கைக்கு வருவது கிடுகு. தொட்டிக்கு மேல் இரண்டு தடியைப் போட்டு அதன் மேல் கிடுகைப் பரப்பினால் வெயில் படாது, காகம் வராது, பார்க்கவும் அழகாக இருக்கும். நான் இதைத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று சொல்வேன். திறந்த தொட்டியில் தண்ணீர் தெரியும்; அது தண்ணீர் என்று பிள்ளைக்கும் பெரியவருக்கும் தெரியும். கிடுகு போட்ட தொட்டி, அந்தக் காலத்தில் யானை பிடிக்கக் குழி வெட்டி மேலே இலைதழை பரப்பி வைப்பார்களே, அதைப் போன்றது. தண்ணீரை மறைக்கும், பாரத்தைத் தாங்காது. பழைய தகரம், மெல்லிய பலகை, கண்ணாடி, உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். அஸ்பெஸ்டஸ் சீற் வளையாமல் திடீரென்று உடையும். உடைந்த விளிம்பிலிருந்து வரும் நுண்ணிய நார்கள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குப் பெருங்கேடு. அதை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. தொட்டிப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். தகரம் கறள் பிடித்து ஓட்டையாகும். அதன் விளிம்பு கத்தி மாதிரி வெட்டும்.

அடுத்தது வலை. குருநகரிலும் பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் பழைய மீன்வலைக்குப் பஞ்சமில்லை. கோழிக்கூட்டுக்கும் கீரைப் பாத்திக்கும் போடுவது போலத் தொட்டிக்கும் கட்டிவிடலாம் என்று தோன்றும். கொக்கையும் மீன்கொத்தியையும் பூனையையும் அது தடுக்கும், உண்மைதான். ஆனால் பிள்ளை விழுந்தால் வலை தொய்ந்து தண்ணீர் வரைக்கும் இறங்கும். கை கால் கண்ணிகளில் மாட்டிக்கொள்ளும், தூக்குவதும் கடினமாகும். மெல்லிய நைலோன் வலையில் சாரைப்பாம்புகளும் மாட்டி இறந்துபோகின்றன. எலியைத் தின்று எங்கள் தோட்டங்களைக் காக்கும் பாம்பு அது. பறவைக்காக வலை வேண்டும் என்றால் உறுதியான மூடிக்கு மேலே, தொய்வு இல்லாமல் இழுத்துக் கட்டலாம். வலை தனியாக ஒரு மூடி ஆகாது.

உறுதி என்பது எங்கிருந்து வருகிறது? உங்கள் புத்தகப் பைக்குள்ளேயே ஒரு பரிசோதனைச் சாதனம் இருக்கிறது. மரத்தாலான அடிமட்டத்தை எடுங்கள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே அதைத் தட்டையாகப் படுக்க வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். வளைகிறது. இப்போது அதே அடிமட்டத்தைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, மெல்லிய விளிம்பு மேலே வரும்படி பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். அசையாது. மரமும் அதே மரம், நீளமும் அதே நீளம். மேலிருந்து கீழாக உள்ள தடிப்புத்தான் மாறியிருக்கிறது. ஒரு சட்டம் வளைவதைத் தடுக்கும் ஆற்றல் அதன் அகலத்தோடு நேராகவும், உயரத்தின் மூன்றாம் அடுக்கோடும் கூடுகிறது. 30 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அடிமட்டத்தை நிமிர்த்தினால் அதன் விறைப்பு 100 மடங்காகும். வீட்டுக் கூரையில் சிலாகைகள் ஏன் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது இப்போது விளங்கும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். அடிமட்டத்தை மறுபடி தட்டையாக வைத்து, புத்தக அடுக்குகளை நெருக்கி இடைவெளியைப் பாதியாக்குங்கள். அதே அழுத்தத்துக்கு இப்போது எட்டில் ஒரு பங்குதான் வளையும். இதிலும் மூன்றாம் அடுக்குத்தான் வேலை செய்கிறது. நாலடி அகலமான தொட்டிக்கு நடுவில் ஒரு தாங்கி கொடுத்தால், மூடியின் ஒவ்வொரு கம்பியும் இரண்டடியை மட்டும் தாண்டினால் போதும். தடித்த கம்பி வாங்கக் காசைச் செலவழிப்பதற்கு முன், நடுவே ஒரு சட்டம் வைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

எவ்வளவு பாரத்துக்குத் திட்டமிட வேண்டும்? மூன்று வயதுப் பிள்ளை ஏறக்குறைய 14 கிலோ இருக்கும், எட்டு வயதுப் பிள்ளை 25 கிலோ. ஆனால் மூடி மட்டமாகவும் உறுதியாகவும் இருப்பதைக் கண்டால் ஒருவர் மட்டும் ஏறமாட்டார். மாங்காய் பறிக்க ஏறுவார்கள், பந்தை எடுக்க ஏறுவார்கள், ஏறிக் குதிப்பார்கள். குதிக்கும் உடல் நிற்கும் உடலைப் போல் பல மடங்கு விசையைக் கொடுக்கும். ஆகவே "சின்னப் பிள்ளைதானே" என்று கணக்குப் போடாமல், வளர்ந்த ஒருவர் ஏறி நின்றாலும் தாங்கும்படி செய்ய வேண்டும்.

கம்பிச் சட்டம் என்றால் இடைவெளி எவ்வளவு? விளையாட்டுத் திடல்களுக்கான ஐரோப்பியத் தரநியமத்தில் இதற்கு ஓர் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. 89 மில்லிமீற்றரை விடச் சிறிய இடைவெளிக்குள் பிள்ளையின் உடல் நுழையாது. 230 மில்லிமீற்றரை விடப் பெரியதில் தலையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்டதில்தான் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியில் உடல் நுழைகிற அளவுக்கே இடம் கொடுக்க முடியாது. எனவே 89க்குள் நிற்க வேண்டும். ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் 2 அங்குல வெல்ட் மெஷ், அதாவது 50 மில்லிமீற்றர்ச் சதுரக் கண், இதற்கு நன்றாகப் பொருந்தும். நடக்கப் பழகும் பிள்ளையின் பாதம் அதற்குள் முழுதாக இறங்காது. மீனுக்குத் தீனியும் அதன் வழியே தூவலாம். தீனிக்காக மூடியைத் திறக்கத் தேவையில்லை என்பது சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால் ஒரு நாளில் மூடி எத்தனை தரம் திறக்கப்படுகிறதோ அத்தனை தரம் பூட்ட மறக்கவும் இடமிருக்கிறது.

இரும்பு என்றதும் கறள் வருகிறது. இரும்பும் ஒட்சிசனும் தண்ணீரும் சேர்ந்தால் கறள். உப்பு சேர்ந்தால் அது விரைவாகும். ஏனென்றால் உப்புக் கரைந்த நீர் மின்னை நன்றாகக் கடத்தும், கறள் பிடித்தல் என்பது உலோகத்தின் மேல் நடக்கும் ஒரு சிறு மின்னிரசாயனத் தாக்கம். குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கு வெகு தொலைவில் இல்லை. சோளகம் வீசினாலும் வாடை வீசினாலும் காற்றில் உப்பு வரும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே மாதிரியான மூன்று இரும்பு ஆணிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பஞ்சால் சுற்றித் தனித்தனித் தட்டில் வையுங்கள். ஒன்றை மழைநீரிலும், ஒன்றைக் கிணற்று நீரிலும், ஒன்றைக் கடல்நீரிலும் நனையுங்கள். தினமும் பஞ்சு காயாமல் அதே நீரால் ஈரமாக்குங்கள். கடல்நீர்ப் பஞ்சு எவ்வளவு விரைவில் செம்மஞ்சளாகிறது என்று குறித்து வையுங்கள். நாலாவதாகக் கூரைக்கு அடிக்கும் வெள்ளை ஆணி ஒன்றைக் கடல்நீர்ப் பஞ்சில் வைத்தால், முதலில் கறளுக்குப் பதிலாக வெள்ளைப் பொடி படியும். அது நாகத்தின் சேர்வை. நாகமுலாம் பூசிய இரும்பில், நாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. பரிசோதனை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இங்கேதான் மீனின் பக்கத்துக் கேள்வி வருகிறது. இரும்புக்காகக் கரையும் அந்த நாகம் எங்கே போகிறது? மழை பெய்தால் மூடியிலிருந்து வடிந்து தொட்டிக்குள் போகிறது. நாகமும் செப்பும் எங்கள் உடலுக்குச் சிறிதளவு தேவை, மீனுக்கும் தேவை. ஆனால் நீரில் கொஞ்சம் கூடினாலே மீனின் பூக்களைத் தாக்கும். பூ என்பது மீன் சுவாசிக்கும் இடம். நாகமும் செப்பும் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, உப்புகளை உள்ளெடுக்கும் வேலையைக் குழப்பிவிடும். இந்த விடயத்தில் எங்கள் கிணற்று நீர் மீனுக்கு உதவி செய்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரைந்து வந்த கல்சியம் அது. கல்சியம் நிறைந்த கடின நீரில், பூக்களில் இடம் பிடிப்பதற்குக் கல்சியமும் போட்டியிடுவதால், உலோக நஞ்சு குறைவாகவே ஏறும். ஆனால் மாரியில் தொட்டியை நிரப்புவது கடினத்தன்மை இல்லாத மழைநீர். மூடியைக் கழுவிக்கொண்டு வருவதும் அதே மழைநீர்தான். அதனால் நாகமுலாம் பூசிய மூடி என்றால் அதற்கு மேல் நல்ல வர்ணப் பூச்சும் வேண்டும். வர்ணம் முற்றாகக் காய்ந்து மணம் போன பிறகுதான் தொட்டிமேல் வைக்க வேண்டும். மூடியின் எந்தப் பகுதியும் தண்ணீரில் தோய்ந்து நிற்கவே கூடாது.

வர்ணத்திலும் கவனம். வளவு மூலையில் கிடக்கும் பழைய ரின்னில் மிஞ்சிய வர்ணத்தைப் பூச வேண்டாம். பழைய எனாமல் வர்ணங்களில் ஈயம் மிகுதியாக இருந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இலங்கையில் வர்ணத்தில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு 2013 முதல் சட்ட வரம்பு நடைமுறையில் இருக்கிறது. புதிய ரின்னை வாங்கி, அதில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.

துருப்பிடிக்காத உருக்கு நல்லதா என்று கேட்பீர்கள். நல்லதுதான், ஆனால் அதிலும் வகை உண்டு. சமையலறைப் பாத்திரங்களில் இருக்கும் 304 என்ற வகையில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். கடற்காற்றில் நாளடைவில் அதிலும் மண்ணிறக் கறை படியும். 316 என்ற வகையில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ப்பார்கள். கடலோரத்தில் உழைப்பது அதுதான். விலை அதிகம். வசதி உள்ளவர்கள் அதைப் போடட்டும். மற்ற வீடுகளுக்கு, நாகமுலாம் பூசிய பொக்ஸ்பார்ச் சட்டத்தில் தடித்த வெல்ட் மெஷ் ஒட்டி வர்ணம் பூசிய மூடியே போதும் என்பது என் கருத்து. ஒட்டுகிற இடங்களில் சூட்டினால் நாகம் எரிந்துபோகும், கறள் முதலில் அங்கேதான் தொடங்கும். அந்த இடங்களைத் தேய்த்துத் தனியாகப் பூசச் சொல்லுங்கள். நாகம் எரியும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். ஒட்டுவேலை நடக்கும்போது நீங்கள் தூர நில்லுங்கள், சுடரையும் பார்க்காதீர்கள்.

எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொரு பொருள் பனை. முதிர்ந்த பனையின் வெளிப்புறக் கருமரம் இறுகி, நாருநாராக, மிகவும் பலமாக இருக்கும். கறையானும் எளிதில் ஏறாது, உப்புக்காற்றும் அதை ஒன்றும் செய்யாது. குடாநாட்டு வீடுகளின் கூரையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவை பனஞ்சிலாகைகளும் பனை வளைகளும்தான். தொட்டியின் நடுவே நிமிர்த்தி வைக்கும் சட்டத்துக்குப் பனஞ்சிலாகை மிகப் பொருத்தம். சிராய் கையில் ஏறாமல் நன்றாகச் சீவித் தேய்க்க வேண்டும். ஆனால் கறையானுக்காக மரத்துக்குக் கழிவு எஞ்சின் ஒயில் பூசும் பழக்கம் எங்களிடம் உண்டு. தொட்டி மரத்துக்கு அது வேண்டவே வேண்டாம். மழையில் வழிந்த ஒயில் நீர்மேல் படலமாகப் பரவினால் காற்று உள்ளே போகும் வழி அடைபடும். அதில் உள்ள உலோகங்களும் எரிபொருட் கழிவுகளும் மீனுக்கும் நஞ்சு, தொட்டு வாயில் வைக்கும் பிள்ளைக்கும் நஞ்சு. மின்கம்பத்துக்கோ வேலிக்கோ மருந்து ஏற்றிய பழைய மரமும் அப்படித்தான். அவற்றில் செப்பும் ஆசனிக்கும் கலந்த மருந்து இருக்கக்கூடும்.

பிளாஸ்ரிக்கின் எதிரி வெயில். சூரிய ஒளியில் உள்ள கழியூதாக் கதிர்கள் பிளாஸ்ரிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடும். ஓரிரு வருடம் வெயிலில் கிடந்த கதிரையில் இருந்ததும் கால் முறிவதைப் பார்த்திருப்பீர்களே. வெளியே கிடக்கும் தண்ணீர்த் தாங்கிகளும் குழாய்களும் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்கு ஒரு காரணம், அவற்றில் கலந்திருக்கும் நுண்ணிய கரித்தூள் அந்தக் கதிர்களைத் தானே விழுங்கிக்கொள்வது. கேபிள் டை வாங்கினாலும் கறுப்பையே வாங்குங்கள். வெள்ளை விரைவில் நொறுங்கிவிடும். பாரம் தாங்கும் வேலையைப் பிளாஸ்ரிக்கிடம் கொடுக்க வேண்டாம்.

முழுதாக மூடிய பலகையோ இரும்புத் தகடோ போட்டால் என்ன? பாரத்தைத் தாங்கும், நுளம்பும் வராது. ஆனால் மீன் மூச்சுத் திணறும். வளியில் இருந்து ஒட்சிசன் நீருக்குள் கரைவது நீரின் மேற்பரப்பு வழியாகத்தான். சூடான நீரில் அது குறைவாகவே கரையும்: 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீரில் 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். பகலில் பாசி ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசன் தரும். இரவில் பாசியும் சுவாசிக்கும், மீனோடு சேர்ந்து ஒட்சிசனை எடுக்கும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தொட்டியில் ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று பொருள். மேலே தகரம் போட்டு அடைத்தால் வெயிலில் அது கொதித்து, வெப்பமும் கூடும், காற்றோட்டமும் குறையும். கம்பி மூடி இந்த இரண்டுக்கும் இடம் வைக்காது. சித்திரை வெயிலுக்கு நிழல் வேண்டும் என்றால், கம்பி மூடி உறுதியாக இருக்கும் பட்சத்தில் அதன்மேல் ஒரு பாதிக்குக் கிடுகு போடலாம். கிடுகுக்கு ஏற்ற வேலை அதுதான். உக்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். ஓலை தண்ணீரில் விழுந்து அழுகினால் அதுவும் ஒட்சிசனைத் தின்னும்.

நுளம்பு கம்பிக் கண் வழியே உள்ளே போகுமே என்று கவலைப்பட வேண்டாம். அது முட்டையிடட்டும், புழு மீனுக்கு உணவாகட்டும். மீன் இல்லாத தொட்டியை ஓட்டையும் இடைவெளியுமாக அரைகுறையாக மூடுவதுதான் கேடு. நிழலும் ஒதுக்கமும் ஈடிஸ் நுளம்புக்கு மிகவும் பிடித்தவை.

மூடி நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? பிள்ளை மூடிமேல் விழுந்து மூடி சற்று வளைந்தாலும் முகம் தண்ணீரைத் தொடக்கூடாது. பிரித்தானியாவில் விபத்துத் தடுப்புக்கான அரச சங்கம் வீட்டுக் குளங்களுக்குச் சொல்லும் அறிவுரையும் இதுவே: சட்டம் விறைப்பாக இருக்க வேண்டும், எந்த நேரமும் நீருக்கு மேலே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். கோடையில் ஒரு சாண் கீழே இருந்த நீர் அந்த மழையில் விளிம்புவரை வரும். ஆகவே விளிம்புக்கு ஒரு சாண் கீழே தொட்டிச் சுவரில் ஒரு வழிவுக் குழாய் வேண்டும். அதன் வாயில் நுண்வலை கட்டுங்கள். கப்பி தென்னமெரிக்கப் பக்கத்து மீன். வழிந்தோடி வாய்க்கால் வழியே குளத்துக்குப் போனால் எங்கள் சொந்தச் சிறு மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாகிவிடும்.

மூடியைச் சும்மா தூக்கி வைப்பது போதாது. காற்றுக்கும் பிள்ளைகளின் கைக்கும் அசையாதபடி ஒரு பக்கம் பிணைச்சலும் மறுபக்கம் கொளுக்கியும் பூட்டும் வேண்டும். பிணைச்சலைப் பொருத்தத் தொட்டி விளிம்பில் சீமெந்து பூசும்போது மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். புதுச் சீமெந்தில் இருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் கடுமையாகக் காரமாக்கும். புதிதாகக் கட்டிய தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி விட்ட பிறகே மீன் விடுவார்கள் எங்கள் பெரியவர்கள். தண்டு புளிக்கும்போது உண்டாகும் அமிலம் காரத்தைத் தணிக்கும். வெட்டிய கம்பி முனைகளைக் கீழ்ப்பக்கம் மடக்கி அரத்தால் தேய்க்கச் சொல்லுங்கள். பூட்டின் திறப்பு பெரியவர் ஒருவரின் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் தொங்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் மூடிக்குக் கண் இல்லை. பங்களாதேசத்தின் கிராமங்களில் வீட்டைச் சுற்றிக் குளங்கள். அங்கே சின்னப் பிள்ளைகள் மூழ்குவது பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் இடையில், பெரியவர்கள் வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' என்னும் பராமரிப்பு இடங்களை ஊருக்கு ஊர் தொடங்கினார்கள். அங்கே வந்த பிள்ளைகள் மூழ்குவது பெரிதும் குறைந்தது. உங்கள் வீட்டில் அந்த நேரம் எது என்று கவனித்துப் பாருங்கள். சமையல் நேரமா, அப்பா தோட்டத்தில் தண்ணீர் மாறும் நேரமா? பாடசாலை விடுமுறை நாளில் அந்தக் கொஞ்ச நேரம் தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது உங்களால் முடிந்த வேலை.

மூடி வந்து சேர்ந்ததும் அதைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெரியவர் ஒருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள். தொட்டியின் இரு விளிம்புகளுக்கும் குறுக்கே, மூடிக்குச் சற்று மேலாக, ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் மூடியின் நடுப்பகுதிக்கும் இடையிலான தூரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். இப்போது 25 கிலோ அரிசிச் சாக்கு ஒன்றை நூலில் படாமல், நடுவை ஒட்டி மெதுவாக வைத்து மறுபடி அளவுங்கள். வளர்ந்த ஒருவரின் பாரம் வரும்படி அதன் மேல் இன்னும் இரண்டை வைத்து அளவுங்கள். சாக்குகளை இறக்கிய பின் நாலாம் தரமும் அளவுங்கள். கடைசி அளவு முதல் அளவுக்கே திரும்பி வந்தால் மூடி மீள்தன்மையோடு இருக்கிறது. திரும்பி வராமல் பள்ளம் நின்றுவிட்டால் கம்பி நிரந்தரமாக வளைந்துவிட்டது என்று பொருள். அப்போது நடுவே இன்னொரு சட்டத்தை, அடிமட்டத்தை நிமிர்த்தியது போல நிமிர்த்தி, வைக்கச் சொல்லுங்கள். பிறகு மறுபடி சாக்கை ஏற்றி அளவுங்கள்.